பின்வரிசையில் நின்றவன் சொல்வது

போன மாதம் விஸ்காம் கடைசி வருடப் பிள்ளைகள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். 22 நிமிடம் ஓடும் ஒரு திரில்லர் குறும்படம் எடுக்கிறார்களாம். கையில் நாற்பதாயிரம் ரூபாய். கதையைக் கேட்டேன். ராத்திரி ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். பணம் எடுக்க உள்ளே போன ஒருவன் வெளியே வரவில்லை. எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் உள்ளே யாரும் இல்லை. கேட்டதும் எனக்கே முதுகு நிமிர்ந்தது.

"யாரு பார்க்கறதுக்கு எடுக்கறீங்க?" என்றேன்.

"டார்கெட் ஆடியன்ஸ் எய்ட்டீன் டு தர்ட்டிஃபைவ் சார்" என்றான் ஒருவன், நோட்டைப் பார்த்து.

"அது வேலைக்கு விண்ணப்பம் போடற வயசு வரம்பு கண்ணு. ஆளு யாருன்னு சொல்லு."

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நோட்டில் அதற்குப் பதில் இல்லை.

நான் படம் எடுத்தவனில்லை. 31 வருடம் ஒரே தியேட்டரில் வேலை பார்த்தவன். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்ததில் ஆரம்பித்து, டிக்கெட் கிழித்து, கவுன்டரில் உட்கார்ந்து, கடைசியில் மேனேஜர். அந்தத் தியேட்டர் இன்றைக்குக் கல்யாண மண்டபம். திரையைப் பார்த்ததைவிட, திரையைப் பார்க்கிறவர்களின் பின்மண்டையைப் பார்த்ததுதான் எனக்கு அதிகம். படம் பிடித்த கூட்டத்தின் தலைகள் அசையாது. பிடிக்காவிட்டால் அலையலையாக அசையும், அப்புறம் ஒவ்வொன்றாக எழுந்து கேன்டீன் பக்கம் போகும். எனக்குத் தெரிந்த சினிமா அவ்வளவுதான். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளிடம் சொன்னதையும், அவர்கள் பஸ் ஏறிப் போனபிறகு ஞாபகத்துக்கு வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. முதலில் ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள். எல்லாரும் பார்க்க வேண்டும் என்று எடுத்த படங்கள் எங்கள் தியேட்டருக்கு நிறைய வந்தன. மூன்றாம் நாள் மேட்னிக்குப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், அதில் இரண்டு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். உங்கள் ஆளுக்கு ஒரு பெயர் வையுங்கள். அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், எப்போது போனைக் கையில் எடுக்கிறார், யார் அனுப்பினால் ஒரு வீடியோவைத் திறப்பார் என்று விசாரியுங்கள்.

இந்த ஏ.டி.எம். கதைக்கு அந்த ஆள் யார்? ராத்திரி வேலைக்காரர். செக்யூரிட்டி, லாட்ஜ் ரூம்பாய், நைட் டியூட்டி நர்ஸ், பெட்ரோல் பங்க் பையன், பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டர். நடுராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்தை விரட்ட இவர்களிடம் இருப்பது ஒரு போனும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். மற்றவர்களுக்கு இது ஒரு கதை. இவர்களுக்கோ அடுத்த ஷிஃப்டில் தங்களுக்கே நடக்கக்கூடியது. ஊரில் இருக்கும் செக்யூரிட்டி ஏஜென்சிகளை நேரில் போய்ப் பாருங்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கும். நூறு பேர் உள்ள அந்தக் குழு, உங்கள் கல்லூரி நண்பர்கள் ஆயிரம் பேருக்குச் சமம். ஏனென்றால் நண்பன் லைக் போட்டுவிட்டுப் பார்க்காமல் போய்விடுவான்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்கிறேன். நீங்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டீர்கள். பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள் உங்களுக்குத் தெரியாது. கோயம்புத்தூர்க்காரர் ராஜேஷ்குமார் மட்டும் 1,500-க்கு மேல் எழுதியிருக்கிறார். பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று தனித்தனியாகக் கூட்டம் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருந்த டீச்சர்கள், மில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள், மதியம் அடுப்படி வேலை ஓய்ந்த பெண்கள் என்று எல்லாரும் படித்தார்கள். வாடகை நூல் நிலையத்தில் ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றும். அந்த வாசகர்களுக்கு இன்றைக்கு ஐம்பது, அறுபது வயது. கையில் போன் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. திரில்லர் இளவட்டத்துக்கு மட்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? என் வீட்டுக்காரம்மா நாற்பதாவது பக்கத்தில் கொலைகாரனைச் சொல்லிவிடுவாள். அவளை ஏமாற்றும்படி ஒரு கதை எடுத்தீர்கள் என்றால் அக்கா தங்கை, சம்பந்தி வீடு வரைக்கும் அவளே அனுப்பிவைப்பாள்.

2. ஆள் யாரென்று தெரிந்ததும் திரைக்கதையை அவரிடம் காட்டிச் சரிபாருங்கள். காவலாளி ஏ.டி.எம்.முக்குள் எப்போது போவார், எந்த நோட்டில் கையெழுத்துப் போடுவார், சாப்பாட்டுத் தூக்கை எங்கே வைப்பார், ஒன்றுக்குப் போக எங்கே போவார் என்று ஒரு ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வாருங்கள். தப்பாகக் காட்டினால், யாருக்காக எடுத்தீர்களோ அவர்தான் முதலில் சிரிப்பார். உட்கார்ந்து கேட்டால் இன்னொரு லாபமும் உண்டு. "நம்மகிட்ட வந்து கேட்டுட்டுப் போன பசங்க" என்று அவரே நாலு பேரிடம் சொல்வார்.

3. தலைப்பு. பிள்ளைகள் 'நிழல்' என்று வைத்திருந்தார்கள். நல்ல சொல்தான். யூடியூபில் தேடிப் பார் என்றேன். வரிசையாக வந்தது. குறும்படம், முழுப்படம், பாட்டு, கவிதை, பக்கத்து மாநிலத்துப் படம். இவர்களுடையது அந்தக் கூட்டத்தில் எந்த மூலையில் நிற்கும்?

அதில் இன்னொரு சிக்கல் 'ழ'. நம் ஆட்களில் பாதிப் பேர் தமிழில் தேடுவதையும் ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள். இந்த ழகரத்துக்கு ஒருவர் இரண்டு எழுத்துப் போடுவார், ஒருவர் ஒரே எழுத்தோடு நிறுத்துவார், அதையே இன்னொருவர் இரட்டிப்பார். மூன்று பேரும் மூன்று இடத்துக்குப் போவார்கள். ழகரம் தமிழுக்குப் பெருமைதான், தேடுபொறிக்கு அது தெரியாது. வைத்தே தீருவேன் என்றால் வீடியோவின் விவரக் குறிப்பில் எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதிவையுங்கள்.

மாத நாவல்காரர்கள் தலைப்பில் கெட்டிக்காரர்கள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து கடையைப் பார்க்கிறவனுக்கும் ஒரு கேள்வி எழும்படி வைப்பார்கள். தத்துவமாக ஒற்றைச் சொல் வைக்காமல், கதையிலிருந்து ஒரு பொருளையோ இடத்தையோ நேரத்தையோ எடுங்கள். "உள்ளே போனவர்" என்று வைக்கலாமே என்றேன். ஒரு பெண் மட்டும் எழுதிக்கொண்டாள். பையன்கள் முகம் சுளித்தார்கள்.

4. என்ன தரப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1954-இல் ஏ.வி.எம். 'அந்த நாள்' எடுத்தது. எஸ். பாலசந்தர் இயக்கம். சிவாஜி கணேசன் சுடப்பட்டுக் கிடப்பதில்தான் கதையே ஆரம்பிக்கும். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. படத்துக்குப் படம் பத்துப் பாட்டு கேட்டுப் பழகிய காலம் அது. வந்தபோது வசூல் இல்லை, பெருமையெல்லாம் பிறகு வந்தது. யார் சுட்டது என்று எழுபது வருடம் கழித்தும் நான் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குத் தெரிகிற பாடம், நல்ல படமாக இருந்தாலும் கல்யாணச் சாப்பாடு என்று நினைத்து வந்தவனுக்குச் சூப் கொடுத்தால் கோபம்தான் வரும். அதே சூப்பைச் சூப்பென்று எழுதிப்போட்டால் சூப் குடிக்கிறவன் தேடி வருவான்.

உங்கள் படத்தில் பாட்டில்லை, சண்டையில்லை, காதலில்லை, ஒரே ராத்திரி, ஒரே இடம். இதையெல்லாம் பலவீனம் என்று ஒளிக்காதீர்கள். போஸ்டரிலேயே போடுங்கள். காசில்லாமல் போனதும் ஒரு அடையாளமாக நிற்கும். கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்', 1998-இல் வந்த கறுப்பு வெள்ளைத் திரில்லர். வாரநாளில் எல்லாருக்கும் வேலை இருந்ததால் சனிக்கிழமை சனிக்கிழமையாக எடுத்தார்கள். கறுப்பு வெள்ளையில் லைட்டுக்குச் செலவு குறைவு. பார்க்கிறவன் அதை ஏழ்மை என்று நினைக்கவில்லை, பாணி என்று எடுத்துக்கொண்டான்.

5. சுவர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பிள்ளைகள் வம்பில் மாட்டுகிறார்கள்.

1999-இல் அமெரிக்காவில் 'பிளேர் விட்ச் புராஜெக்ட்' என்று ஒரு படம் வந்தது. புளோரிடாவில் சினிமா படித்த டேனியல் மிரிக், எடுவார்டோ சான்செஸ் இருவரும் எடுத்தது. காட்டுக்குள் படம் பிடிக்கப் போன மூன்று மாணவர்கள் காணாமல் போனார்கள், அவர்கள் பிடித்த காட்சிகள் மட்டும் கிடைத்தன என்பது கதை. எட்டு நாள் படப்பிடிப்பு. படம் வருவதற்கு முந்தைய வருடமே ஒரு இணையதளம் திறந்து, போலீஸ் அறிக்கை, நாட்குறிப்பு என்று எல்லாம் நிஜம்போல் போட்டார்கள். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடிகர்கள் படத்தோடு 'காணவில்லை' நோட்டீஸ் ஒட்டினார்கள். உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூல். எந்த சினிமா வகுப்பிலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அந்தப் படத்தில் நடித்த பெண்ணின் தாயாருக்கு ஊரார் துக்கம் விசாரித்துக் கடிதம் அனுப்பியதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள்.

இதையே நம் ஊரில் செய்யலாமா? சில வருடம் முன்பு எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் செய்தார்கள். நம் சுவர்களில் எதை நின்று படிப்பார்கள்? 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டரை. யாரென்று பார்க்காமல் நம் ஆள் தாண்ட மாட்டான். அதைத் தெரிந்துகொண்டு, கதாநாயகனாக நடித்த பையன் படத்தைப் போட்டு, தோற்றம், மறைவு, கீழே சின்ன எழுத்தில் படத்தின் பெயர் என்று அச்சடித்து ஒட்டினார்கள். மறுநாள் காலை பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தப் பையனின் பெரியம்மா பஸ்ஸில் மாரடித்துக்கொண்டே வந்து இறங்கினாள். வழியில் யாரோ பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் அவன் பல் துலக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டாள். படத்தின் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். திரையிட்ட அன்றைக்கு ஆள் வரவில்லை. "சாவ வெச்சு விளையாண்ட பசங்க" என்று பேராகிவிட்டது.

'காணவில்லை' அதைவிட மோசம். நிஜமாகவே பெண்ணைத் தொலைத்துவிட்டு ஸ்டேஷன் வாசலில் நிற்கிற தகப்பன் ஒருவனாவது அந்தத் தெருவில் இருப்பான். அது உங்களுக்கு விளம்பரப் பலகை இல்லை.

அப்படியானால் என்ன ஒட்டுவது? படத்துக்குள் இருக்கும் ஒரு பொருளை. ஏ.டி.எம். ரசீது அளவில் சின்னத் துண்டுச் சீட்டு. அதில் நேரம் 2.17, ஒரு வரி, பார்க்கும் இடம். டீக்கடை மேஜைமேல், நூலகத்தில், ஹாஸ்டல் மெஸ்ஸில் வைத்துவிட்டு வாருங்கள். கையில் எடுத்தவன் ஒரு நிமிடம் புரட்டிப் பார்ப்பான். ஏ.டி.எம். வாசலில் மட்டும் வைக்காதீர்கள், வங்கிக்காரர்கள் போலீஸைக் கூப்பிடுவார்கள்.

6. டிரெய்லரில் படத்தைக் காட்டாதீர்கள். 1960-இல் 'சைக்கோ' வந்தபோது இயக்குநர் ஹிட்ச்காக் தானே டிரெய்லரில் கேமரா முன் வந்து, வீடு விற்கும் தரகர் மாதிரி கதை நடக்கும் மோட்டலைச் சுற்றிக் காட்டினார். இந்தப் படிக்கட்டில்தான், இந்த அறையில்தான் என்று ஆரம்பித்துச் சொல்ல வருவதைப் பாதியில் நிறுத்துவார். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் அது. கடைசியில் குளியலறைத் திரையை விலக்குவார், ஒரு அலறல், முடிந்தது. படம் தொடங்கியபிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்கும் உத்தரவு. ஒரு தியேட்டர்க்காரனாகச் சொல்கிறேன், வருகிற காசைத் திருப்பி அனுப்புவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதைப் பார்த்தே வெளியே நின்றவனுக்கு ஆசை கூடியது.

இதற்கு ஒரு கோடி ரூபாய் தேவையில்லை. உங்கள் காவலாளியாக நடிக்கும் பெரியவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, வேலையில் சேர்ந்த முதல் ராத்திரியைப் பற்றி நாற்பது நொடி பேசச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே வந்தவர் இடதுபக்கம் எதையோ பார்த்து நிறுத்திவிட வேண்டும். போதும்.

7. ஊருக்குத் தெரிந்த முகம் ஒன்று. 1986 ஆகஸ்ட் 15-இல் 'ஊமை விழிகள்' வந்தது. அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்த கூட்டம் சேர்ந்து எடுத்த திரில்லர். ஆபாவாணன் தயாரிப்பு, அரவிந்தராஜ் இயக்கம். அதுவரை இன்ஸ்டிடியூட் பையன்கள் என்றால் விருதுக்கு எடுப்பார்கள், தியேட்டருக்கு ஆகாது என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு இளக்காரம் உண்டு. அந்தப் படம் அதை உடைத்தது. அவர்கள் செய்த புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். சொல்வது புதுசு, சொல்கிறவர்கள் புதுசு, ஆனால் திரையில் விஜயகாந்த், ஜெய்சங்கர், ரவிச்சந்திரன். அதிலும் காதல் நாயகனாகப் பார்த்த ரவிச்சந்திரனை வில்லனாகப் போட்டார்கள். பழகின முகத்தை நம்பி உள்ளே வந்தவன், அதே முகத்தைப் பார்த்துப் பயந்தான்.

உங்களுக்கு ரவிச்சந்திரன் கிடைக்க மாட்டார். உள்ளூர்க் கேபிள் டிவியில் செய்தி வாசிப்பவர், நாற்பது வருடம் நாடகம் போட்டவர், ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்று யாரையாவது பாருங்கள். அந்த வாத்தியாரிடம் அடிவாங்கிய எல்லாரும் வருவார்கள்.

8. முதல் நிமிடத்தை வீணாக்காதீர்கள். மாணவர் படங்களில் எனக்குத் தீராத எரிச்சல் இது. சாமி படம், கல்லூரி முத்திரை, தயாரிப்பு நிறுவனமாக நண்பனின் பெயர், பறந்துவரும் எழுத்து, நன்றி, நன்றி, நன்றி. கேன்டீன்காரருக்கும் பைக் கொடுத்த மாமாவுக்கும் நன்றி சொல்ல வேண்டியதுதான், அதைக் கடைசியில் சொல்லுங்கள். தியேட்டரில் டிக்கெட் வாங்கியவன் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போனில் கட்டைவிரல் சகிக்காது. முதல் இருபது நொடிக்குள் பணம் எடுக்க வந்தவன் ஏ.டி.எம்.முக்குள் போயாக வேண்டும்.

எடிட் செய்கிற கணினித் திரையில் பார்த்துவிட்டு "டார்க் டோன் சூப்பர்" என்று திருப்திப்படாதீர்கள். இருக்கிறதிலேயே மலிவான போனை எடுத்து, மத்தியான வெயிலில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பாதிப் படம் கறுப்புக் கண்ணாடியாகவும் உங்கள் முகமாகவும்தான் தெரியும். கொஞ்சம் வெளிச்சம் கூட்டுங்கள். அதைவிட முக்கியம் சத்தம். படம் மங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். எங்கள் தியேட்டரில் ரீல் கீறல் விழுந்து மழை பெய்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்பீக்கர் ஒரு நொடி போனால் விசில்தான். நாற்பதாயிரத்தில் பெரிய பங்கு நல்ல மைக்குக்கும் சவுண்ட் டிசைனுக்கும் போகட்டும். திரில்லரில் பயம் காது வழியாகத்தான் வருகிறது.

9. ஹாலிவுட் படத்தின் பின்னணி இசையை உருவிப் போடாதீர்கள். யூடியூப் தானே கண்டுபிடித்துவிடும். வீடியோ முடங்கும், அல்லது வருகிற காசு இசைக்காரருக்குப் போகும். இசைக் கல்லூரியில் உங்களை மாதிரியே வாய்ப்புத் தேடும் பிள்ளை ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள்.

10. ஒரு திரையிடலாவது ஆட்களை உட்காரவைத்து நடத்துங்கள். ஒரு லட்சம் பேர் தனித்தனியாகப் போனில் பார்ப்பதும், நூற்றிருபது பேர் ஒரே இருட்டில் ஒன்றாகப் பார்ப்பதும் ஒன்றல்ல. பயம் தொற்றுநோய். பக்கத்தில் இருப்பவன் மூச்சை இழுத்தால்தான் நமக்கும் இழுக்கும்.

கல்லூரி செமினார் ஹாலே போதும். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். முதல் நாளே புரொஜெக்டரில் ஓட்டிப் பாருங்கள், ஒலியைக் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். மின்விசிறிச் சத்தத்தையும் கணக்கில் எடுங்கள். சாயங்காலம் ஆறரைக்கு வையுங்கள். காலை பதினொரு மணிக்குத் திரில்லர் போட்டால் பேயே கொட்டாவி விடும்.

சிறப்பு விருந்தினர் வேண்டாம். நான் போன ஒரு விழாவில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, அப்புறம் ஒரு பிரமுகர் ஐம்பது நிமிடம் பேசினார். படம் பதினெட்டு நிமிடம். பேச்சின் நடுவில் அவர், "கடைசியில அந்த டாக்டர்தான் கொலைகாரன்னு வரும்போது நான் அசந்துபோயிட்டேன்" என்றார். மேடைக்குப் பின்னால் நின்ற இயக்குநர் பையன் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நான்தான் பார்த்தேன். யாரையாவது கௌரவிக்க வேண்டுமென்றால் படம் முடிந்தபிறகு டீயோடு கௌரவியுங்கள்.

நிஜத் தியேட்டரில் ஒரு காலைக்காட்சி வாடகைக்கு எடுக்கலாம் என்று ஆசை வரும். டிக்கெட் போட்டுப் பொதுமக்களுக்குக் காட்டத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். தயவுசெய்து அதைத் தெரிந்துகொண்டு முன்பணம் கொடுங்கள்.

11. ரகசியத்தைப் பார்த்தவர்களிடமே ஒப்படையுங்கள். எனக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். இது எந்த வகுப்பிலும் கற்றதில்லை, பின்வரிசையில் நின்று கண்டது.

எங்கள் தியேட்டரில் திரில்லர் ஓடினால் இரண்டாவது தடவை வருகிறவர்களை நான் அடையாளம் கண்டுபிடித்துவிடுவேன். அவர்கள் தனியாக வர மாட்டார்கள். முக்கியமான இடம் நெருங்கும்போது இடம் மாறி உட்காருவார்கள், சீட்டில் கொஞ்சம் திரும்பிக்கொள்வார்கள். திரையைப் பார்க்க மாட்டார்கள். கூட்டிவந்தவனின் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் அலறும்போது இவர்களுக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, இயக்குநருக்குக்கூட அவ்வளவு வராது. 2009-இல் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' டிரெய்லரைப் பார்த்தபோது இந்த விஷயம் அமெரிக்காக்காரனுக்கும் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தேன். ஓரன் பெலி தன் சொந்த வீட்டில், ஒரு வாரத்தில், சுமார் 15,000 டாலரில் எடுத்த படம் அது. டிரெய்லரில் படத்தைவிட, இருட்டில் உட்கார்ந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு துள்ளும் ரசிகர்களைத்தான் காட்டினார்கள். உங்கள் ஊரிலும் இந்தப் படம் வேண்டுமா, இணையத்தில் கேளுங்கள் என்றார்கள். பத்து லட்சம் பேர் கேட்டார்கள்.

நீங்களும் முதல் திரையிடலில் பார்வையாளர்களின் முகத்தை, அவர்களிடம் சொல்லி அனுமதி வாங்கி, ஒரு கேமராவில் பிடியுங்கள். உங்கள் காட்சிகளைவிட அது நல்ல விளம்பரம். வெளியே போகும்போது கையில் ஒரு சீட்டுக் கொடுங்கள்: "முடிவைச் சொல்லாதீர்கள். ஒருவரைக் கூட்டி வாருங்கள்." நம் ஊரில் ரகசியம் தங்காது என்பார்கள். தங்கும். ரகசியம் தெரிந்தவன் என்ற கௌரவத்தைக் கொடுத்தால் தங்கும். 22 வயதில் கார்த்திக் நரேன் எடுத்த 'துருவங்கள் பதினாறு' 2016 கடைசி வாரத்தில் வந்தது. நடிகர் ரகுமான் தவிரப் பெரிய முகம் இல்லை. பார்த்தவர்கள் "போய்ப் பாரு, ஒண்ணும் கேக்காத" என்று சொல்லித்தான் அந்தப் படம் நின்றது. எங்கள் பாஷையில் மவுத் டாக். போஸ்டருக்குப் பசை வேண்டும், இதற்கு அதுவும் வேண்டாம்.

ஆனால் ரகசியம் நிஜமாகவே ரகசியமாக இருக்கிறதா என்று முன்னாடியே பரிசோதியுங்கள். முதல் எடிட்டை முன்பின் தெரியாத ஐந்து பேருக்குக் காட்டுங்கள். நண்பர்களுக்கு வேண்டாம், அவர்கள் பொய் சொல்வார்கள். முக்கால்வாசியில் நிறுத்தி, "யார் மேல சந்தேகம்?" என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். ஐவரும் சரியான பெயரை எழுதினால் எடிட் டேபிளுக்குத் திரும்புங்கள். ஒருவர்கூட எழுதவில்லை என்றால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், துப்பே வைக்காமல் ஏமாற்றியிருக்கிறீர்கள். ஒருவரோ இருவரோ பிடித்தால் சரியான பதம். பிடித்தவன் பெருமையாகப் பேசுவான், பிடிக்காதவன் இன்னொரு தடவை பார்ப்பான்.

12. வரிசை முக்கியம். முதலில் விழாக்கள், பிறகு இணையம். ஏற்கெனவே இணையத்தில் போட்டதை ஏற்காத விழாக்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் கேரள அரசு நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா மாதிரி இடங்களுக்கு அனுப்புங்கள். அங்கே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் திரில்லர் நன்றாகவே தெரியும், மலையாளிகளிடம் பாச்சா பலிக்காது. ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள், அதையும் தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கட்டணம் கட்டினால் போதும், வீட்டுக்கே விருது வரும் என்கிற விழாக்களுக்கு உங்கள் நாற்பதாயிரத்திலிருந்து ஒரு பைசா போகக் கூடாது. போஸ்டரில் விழா விருதுகளின் இலைவளைய முத்திரை பன்னிரண்டு அச்சடித்திருந்தால் எனக்கெல்லாம் சந்தேகம்தான் வருகிறது.

உங்களுக்கு வேலை கொடுக்கப்போகிறவரும் ஒரு பார்வையாளர்தான், அவரை மறந்துவிடாதீர்கள். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்த கார்த்திக் சுப்புராஜ் 2012-இல் 'பீட்சா' எடுத்தார். நலன் குமரசாமியும் அங்கிருந்து வந்தவர்தான். சுவீடனில் டேவிட் சாண்ட்பெர்க் என்பவர் 2013-இல் மனைவியை நடிக்கவைத்து, குடியிருந்த வீட்டிலேயே 'லைட்ஸ் அவுட்' எடுத்தார். ஸ்விட்சை அணைத்தால் உருவம் தெரியும், போட்டால் மறையும், அவ்வளவுதான் கதை. மூன்று நிமிடம்கூட ஓடாது. இணையத்தில் பரவி, 2016-இல் ஹாலிவுட்டில் அதையே முழுப்படமாக அவரே இயக்கினார். 22 நிமிடம் வேண்டுமா என்று யோசியுங்கள் என்று நான் சொன்னதற்கு ஒரு பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. யோசியுங்கள் என்றுதானே சொன்னேன்.

13. நாற்பதாயிரத்தில் ஆறாயிரத்தை இன்றைக்கே ஒரு கவரில் போட்டு, குழுவிலேயே கஞ்சமான ஆளிடம் கொடுத்துவிடுங்கள். துண்டுச் சீட்டுக்கும், ஹால் திரைக்கும், டீக்கும் அது. கடைசி நாள் படப்பிடிப்பில் டிரோன் ஷாட் வேண்டும் என்று கேமராமேன் அழுவான். கொடுக்காதீர்கள்.

14. வெளியிட்டபிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எந்த நொடியில் விட்டுப் போனார்கள் என்று யூடியூப் ஒரு கோடு காட்டும், அதைப் பாருங்கள். அந்தக் கோடு சரிகிற இடம்தான் நான் பின்வரிசையிலிருந்து பார்த்த அசைகிற தலை. நாலாவது நிமிடத்தில் மொத்தமாகச் சரிந்தால் அங்கே ஏதோ கேன்டீன் காட்சி வைத்திருக்கிறீர்கள். அடுத்த படத்துக்கு அந்தக் கோட்டை அச்செடுத்து எழுதுகிற மேஜைக்கு எதிரே ஒட்டுங்கள்.

நேற்று அந்தப் பெண் போன் செய்தாள். தலைப்பு மாற்றியாகிவிட்டதாம், என்னவென்று சொல்ல மாட்டேன் என்றாள். செக்யூரிட்டி ஏஜென்சியில் இருபது பேர் வருகிறார்கள், டியூட்டிக்குப் போகும் முன்னால் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பதால் ஐந்தரைக்கே வைத்திருக்கிறோம், உங்களுக்கு முன்வரிசையில் சீட் போடட்டுமா சார் என்றாள். வேண்டாம்மா, கதவுப் பக்கம் நின்றுகொள்கிறேன் என்றேன்.